கஸ்பாருக்கு அழுதது பாதி

சங்குமணல் ஊரைவிட்டு அழுகை போன அன்று யாரும் அதைக் கவனிக்கவில்லை. அன்றைக்கு வலை நிறைய நெத்திலி வந்திருந்தது, நெத்திலி வந்த நாளில் அந்தக் கடற்கரையில் அழுவதற்கு ஆளும் கிடையாது, நேரமும் கிடையாது. சலேத்தம்மாள் ஒருத்திதான் விளக்கு வைக்கிற நேரத்தில் வழக்கம்போல வாசற்படியில் உட்கார்ந்து, கடல் கொண்டுபோன தன் புருஷன் கஸ்பாருக்காக வாயைத் திறந்து, "கஞ்சி ஆறுது ராசாவே" என்று இழுக்கப் போனாள். அந்த வார்த்தைகள் "வீட்டில் உப்பு தீர்ந்துபோச்சு" என்று சொல்வதுபோல வெறும் பேச்சாக வெளியே வந்து விழுந்தன. அவள் தொண்டையைத் தடவிப் பார்த்தாள், ஒரு செம்புத் தண்ணீர் குடித்தாள், மறுபடி முயன்றாள், மறுபடியும் உப்புதான் தீர்ந்துபோனது. கண்ணைத் தொட்டுப் பார்த்தாள், கருவாடு காய்கிற பாறை மாதிரிக் காய்ந்து கிடந்தது.

அதே நேரத்தில், அங்கே மதியச் சாப்பாடு முடிந்து ஆட்கள் கோட்டு மாட்டிக்கொண்டு கச்சேரிக்கு வந்து உட்கார்ந்த நேரம், ஜெர்மனியில் ஓர் ஆற்றங்கரை நகரத்தில், சலேத்தம்மாளின் ஒரே மகள் மெற்றில்டா எழுதிய இசையை இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ என்று நான்கு பேர் முதன்முதலாக மேடையில் வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். முதல் வயலின்காரி வில்லை வைத்து இழுத்த அந்த முதல் இழுப்பிலேயே சலேத்தம்மாள் இருந்தாள். வார்த்தை இல்லை, மெட்டு மட்டும்தான். ஆனால் அந்த ஏற்றமும், நடுவில் வருகிற நடுக்கமும், மூச்சு முட்டி இறங்குகிற இறக்கமும் மயிரிழை பிசகாமல் அப்படியே இருந்தன. ஒரு பொருள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அழுகைக்கு மட்டும் வேறு சட்டமா என்ன.

மெற்றில்டாவின் காது அப்படிப்பட்ட காது. பாவாடை கட்டிய வயதிலேயே அவள் கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசித்தாள், மணி அடித்தால் அது எந்தச் சுரம் என்று சொன்னாள், கரைக்கு வருகிற படகின் எஞ்சின் சத்தத்தை வைத்தே எந்த வீட்டு ஆண் திரும்பி வருகிறான் என்று சொன்னாள். கஸ்பாருக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. "எம் மவ பாட்டு பாடுறவ இல்ல வே, பாட்டு செய்யிறவ" என்று ஏலக் கூடத்தில் சொல்வார். "சட்டி செய்யிற மாதிரியா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். "அதே மாதிரிதான், ஆனா சட்டியில மீனு வேவும், இவ செஞ்சதுல மனுசன் வெந்துருவான்" என்பார் அவர். அவர் அதை வேடிக்கைக்குத்தான் சொன்னார். மெற்றில்டா சென்னைக்குப் போய்ப் படித்து, பரீட்சைகளில் தேறி, ஜெர்மனிக்குப் போய் மேற்கத்திய இசையில் பெரிய படிப்புப் படித்து, அங்கத்து ஆட்களே புருவம் உயர்த்துகிற மாதிரி நான்கைந்து உருப்படிகள் எழுதியிருந்தபோதுதான், ஒரு காற்றுக் காலத்தில் கஸ்பார் போன படகு திரும்பி வரவில்லை.

கடல் எடுத்துக்கொண்ட ஆளுக்குச் சங்குமணலில் உடனே அழமாட்டார்கள். எங்காவது ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு மிதப்பான், கரையில் பெண்டாட்டி அழுகிற சத்தம் கேட்டால், சரி, நம்மை முடித்துவிட்டார்கள் என்று கையை விட்டுவிடுவான் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் சலேத்தம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். மகளும் வந்து சேர்ந்து, தேடப் போன படகுகளும் வெறுங்கையோடு திரும்பி, பங்குச்சாமியார் "போதும் தாயே, இனிமே அழுங்க" என்று சொன்ன பிறகுதான், ஒரு சவப்பெட்டியில் கஸ்பாரின் வேட்டியையும் சட்டையையும் அவர் தலை வைத்துப் படுத்த தலையணையையும் வைத்து, அந்த ஆளில்லாப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து அவள் ஒப்பாரியைத் தொடங்கினாள்.

அந்த ஊரில் ஒப்பாரி ஒருத்தி செய்கிற வேலை இல்லை. எல்லா வீட்டுக்கும் ஒரே மெட்டு, அந்த மெட்டில் தாய் ஓரடி சொல்லி நிறுத்துவாள், நிறுத்திய இடத்தில் மகள் ஏந்திக்கொண்டு மறு அடி சொல்வாள், மகள் நிறுத்தினால் தாய் மறுபடி எடுப்பாள். தலைச்சுமையை ஒருத்தி தலையிலிருந்து இன்னொருத்தி தலைக்கு மாற்றிக்கொண்டு நெடுந்தூரம் போவது மாதிரிதான் அது.

"கஞ்சி ஆறுது ராசாவே, கரைக்கு வழி தெரியலியா" என்று சலேத்தம்மாள் முதல் அடியைச் சொல்லி நிறுத்தினாள். "கதவு தொறந்திருக்கு யப்பாவே, காலு நனஞ்சாலும் வாருமே" என்று மெற்றில்டா ஏந்த வேண்டும். ஊரில் யாருக்கும் தெரிந்த அடிதான், அவளுக்கும் தெரிந்த அடிதான். அவளுக்குத் துக்கம் இல்லை என்று சொன்னால் வாய் வெந்துபோகும், அப்பாவின் தலையணையைப் பார்த்தபோது அதை எடுத்து அணைத்துக்கொள்ளத்தான் கை போனது. ஆனால் அம்மாவின் அந்த ஏற்றம் காதில் விழுந்ததுமே, இது எந்தச் சுரம், எந்தச் சுரத்துக்கும் அகப்படாமல் நடுவில் அல்லவா நிற்கிறது, இந்த நடுக்கத்தை எந்தத் தந்தியில் எப்படி வில் போட்டால் கொண்டுவரலாம் என்று மனசு ஓடிவிட்டது. ஓடிய மனசைப் பிடித்து இழுத்துவர அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு பவுலி மாமி விலாவில் இடித்து, "ஏந்துளா, அம்ம நிக்கால்லா" என்றாள். மெற்றில்டா அந்த நிறுத்தத்தின் நீளத்தை விரலால் அளந்துகொண்டிருந்தாள். சலேத்தம்மாள் மகளைப் பார்த்தாள், இன்னும் கொஞ்சம் பார்த்தாள், பிறகு அடுத்த அடியையும் தானே எடுத்தாள். ஒவ்வோர் அடிக்கும் நிறுத்தினாள், ஒவ்வோர் அடிக்கும் மகளைப் பார்த்தாள்.

வருசப் பூசை வரைக்கும் தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் அழுது, அன்றோடு அழுது முடிக்க வேண்டும் என்பது முறை. மெற்றில்டா லீவு தீரும்வரை கேட்டாள், பிறகு விமானம் ஏறினாள், போய் இறங்கியதும் எழுதினாள். 'கஸ்பாருக்கு' என்று பெயர் வைத்தாள். அவள் கேட்டது பாதி அழுகை, ஆகவே எழுதியதும் பாதி அழுகை. அது பாதியில் அந்தரத்தில் நின்றது.

சங்குமணல் தன் நஷ்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்துகொண்டது. பெரிய வெள்ளிக்கு முந்திய வியாகுலப் பிரசங்கத்தில் மாதா மகனை மடியில் கிடத்திய இடத்தைச் சாமியார் உருக்கி உருக்கிச் சொன்னார், ஒரு முந்தானையும் கண்ணுக்குப் போகவில்லை என்று கோபப்பட்டு இன்னும் உருக்கினார், அப்புறம்தான் தன் கண்ணும் காய்ந்திருப்பதைக் கவனித்து, சுருக்கமாக ஆசீர் கொடுத்து இறங்கிவிட்டார். தூத்துக்குடி டாக்டர் கண்ணுக்குச் சொட்டு மருந்து எழுதினார். வெங்காயம் நறுக்கினால் கண் எரிந்தது, அவ்வளவுதான். நீலிக்கண்ணீர் வடிப்பதில் பேர் போன ஒருத்திக்கு அதுகூட வராமல் போய், அவள் பேச்சை ஊர் முதன்முதலாக நம்பத் தொடங்கியது. குடித்துவிட்டு அழுவதே பிழைப்பாக இருந்த ஒருவன், அழமுடியாத குடி என்ன குடி என்று குடியையே விட்டான், அவன் பெண்டாட்டி மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். பிறந்த குழந்தைகள் வாயை அகலத் திறந்து சத்தமில்லாமல் மூடின. ஆஸ்பத்திரி நர்சுகள் முதலில் பதறினார்கள், பிறகு "சங்குமணல் பிள்ளையா, அப்ப சரி" என்று வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக் கையில் கொடுத்தார்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்ற பழமொழி அந்த ஊருக்கு உதவாமல் போனதால், தாய்மார்கள் குழந்தையின் கையில் சலங்கை கட்டிவிட்டார்கள், பசித்தால் அது கையை உதறும், சலங்கை கேட்டுத் தாய் ஓடிவருவாள். தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு சலங்கைச் சத்தம் கேட்டது.

சாவுக்குத்தான் வழி தெரியவில்லை. செத்தவர்களைச் சுற்றி ஊர் சும்மா உட்கார்ந்திருந்தது, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற கூட்டம் மாதிரி. கடைசியில் தேரிக்காட்டுப் பக்கம் ஓர் ஊரிலிருந்து பெண்களை வேனில் அழைத்துவந்தார்கள். அவர்கள் செம்மண் காட்டு மெட்டில், செத்தவர் பனை ஏறியதாகவும் வயல் உழுததாகவும் சொல்லி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார்கள். கடலைத் தவிர வேறொன்றும் தெரியாத மனிதருக்கு அந்த இரவல் அழுகை போதாது என்று எல்லாருக்கும் தெரிந்தது, ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு அது இருந்தது. சலேத்தம்மாள் மட்டும் தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் வாசற்படியில் உட்கார்ந்து, அழுகை வருகிறதா என்று பார்த்துவிட்டு எழுந்து போனாள். வருசப் பூசை வந்தது, போனது. அவளுக்கு அழுது முடியவில்லை.

யாருடைய வேலை இது என்று கண்டுபிடித்தது ரேடியோ செட்டு லியோன். கோயில் திருவிழாவுக்கும் சாவுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறவன். அவன் செல்போனில் எதையோ தேடப்போய் மெற்றில்டாவின் கச்சேரி கிடைத்தது. டீக்கடையில் வைத்து அதைச் சத்தமாகப் போட்டான். பவுலி மாமி மீன் கூடையைக் கீழே வைத்தாள். "ஏ, இது நம்ம சலேத்து அழுகல்லா" என்றாள். கேட்டவர்கள் எல்லாரும் ஆமாம் என்றார்கள். செல்போனுக்குள் வெள்ளைக்காரர்கள் பெஞ்சு பெஞ்சாக உட்கார்ந்து கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கண்ணீர் எங்கே போனது என்பதும் அத்தோடு தெரிந்தது.

ஊர் கோபப்பட்டிருக்க வேண்டும். ஆனால் சங்குமணலிலிருந்து இறாலும் கணவாயும் தவிர வேறெதுவும் அதுவரை கப்பல் ஏறியதில்லை. அடுத்த முறை மெற்றில்டா வந்தபோது பஸ் நிறுத்தத்தில் அவள் படம் போட்டு, 'எங்கள் கண்ணீரை உலகறியச் செய்த எங்கள் ஊர்த் தங்கமே வருக' என்று ஆளுயர பிளெக்ஸ் வைத்திருந்தார்கள். அவள் அதன் கீழே நின்று இரண்டு முறை வாசித்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

சலேத்தம்மாள் சோறு போட்டாள், குழம்பில் இருந்த நல்ல துண்டத்தை மகள் தட்டில் வைத்தாள், அவள் சாப்பிட்டுக் கை கழுவும்வரை காத்திருந்தாள்.

"லியோன் போட்டுக் காமிச்சான். நல்லாத்தான் வாசிக்காவ" என்றாள். "போதும் மக்கா. திருப்பிக் குடு."

"எப்பிடிம்மா குடுக்க?"

"எனக்கென்ன தெரியும். எடுத்தவளுக்குல்லா தெரியணும்."

"நான் எடுக்கணும்னு எடுக்கலம்மா."

"தெரியும்ளா. நீ கெட்டவ இல்ல." சலேத்தம்மாள் தன் நெஞ்சுக்குழியைத் தொட்டுக் காட்டினாள். "ஒங்கப்பாக்கு பாதிதான் அழுதிருக்கேன். மிச்சம் இந்தா, இங்க கெடக்கு கல்லாட்டம். பாதி அழுத மனுசன் பாதிதான செத்திருப்பாரு? அந்தப் பக்கமும் போவ முடியாம, இந்தப் பக்கமும் வர முடியாம எங்க நிக்காரோ. நான் சாவுறதுக்குள்ள அவர அனுப்பி வைக்கணும்ளா."

மெற்றில்டாவுக்கு அம்மாவின் மடியில் விழுந்து அழவேண்டும்போல இருந்தது. அவளும் அந்த ஊர்ப் பெண்தானே, அவளுக்கும் வரவில்லை.

அதற்குப் பிறகான அவள் வாழ்க்கை முழுவதும் இந்த ஒன்றைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்த வாழ்க்கைதான். 'கஸ்பாருக்கு' உருப்படியை இனி யாரும் வாசிக்கக் கூடாது என்று சொல்லிப் பார்த்தாள், கொட்டிய பாலை அள்ள முடியவில்லை, அது எங்கெங்கோ போய்விட்டது. அதைக் கடைசியிலிருந்து முதலுக்குத் தலைகீழாக எழுதி வாசிக்க வைத்தாள், அன்று சங்குமணலில் எல்லாருக்கும் விக்கல் எடுத்தது, வேறொன்றும் நடக்கவில்லை. அம்மாவுக்கென்று புதிதாக ஓர் அழுகை செய்து கொண்டுவந்து பாடிக் காட்டினாள். சலேத்தம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லாருக்கு, பூசையில பாடலாம்" என்றாள்.

வெளியே அவள் பெரிய ஆளாகிக்கொண்டே போனாள். இரவு முழுவதும் கண்விழித்து எழுதிய பெரிய வாத்தியக் குழுவுக்கான உருப்படிகளை மரியாதைக்குக் கைதட்டிக் கேட்டார்கள், கேட்டுவிட்டு, "அந்தக் 'கஸ்பாருக்கு' உண்டா?" என்று கேட்டார்கள். அதில் எல்லாருக்கும் பிடித்தது நடுநடுவே வருகிற அந்த நீண்ட நிறுத்தங்கள்தான். நான்கு பேரும் வில்லை அந்தரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். அந்த மௌனங்களைப் பற்றித் தனியாகக் கட்டுரை எழுதினார்கள், விருதுப் பத்திரத்தில் அவற்றைக் குறிப்பிட்டார்கள். ஒரு பேட்டியில் அவளைக் கேட்டபோது, "அது கடலின் மௌனம்" என்று சொல்லியும் வைத்தாள். சொன்னபோது அதை அவள் நம்பித்தான் சொன்னாள்.

சலேத்தம்மாள் ஒரு முற்பகலில் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது, அரிவாள்மணையை ஒதுக்கி வைத்துவிட்டு, கொஞ்சம் சாய்ந்துகொள்கிறேன் என்று சாய்ந்து, போய்விட்டாள்.

மெற்றில்டா வந்து சேரும்வரை அவளைக் கண்ணாடி மூடிய ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். அந்தப் பெட்டி விடாமல் முனகிக்கொண்டிருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பாகவே அந்த முனகல் எந்தச் சுரம் என்று மெற்றில்டாவின் காது கண்டுபிடித்துவிட்டது. அந்தக் காதை அறுத்து எறிய வேண்டும்போல இருந்தது அவளுக்கு.

தேரிக்காட்டுப் பெண்கள் வேனிலிருந்து இறங்கினார்கள். பவுலி மாமி, இப்போது கம்பு ஊன்றி நடக்கிறவள், அவர்களை வாசலிலேயே நிறுத்தினாள். "டீ குடிச்சிட்டு இருங்கம்மா. சலேத்துக்கு இரவல் வேண்டாம்."

"அப்ப சும்மாவா அனுப்ப?" என்றான் லியோன். அவன் கொஞ்சம் தயங்கினான். "மாமி, அவிய சொந்த அழுகதான் நம்மகிட்ட இருக்கே. போடட்டுமா?"

பவுலி மாமி மெற்றில்டாவைப் பார்த்தாள். மெற்றில்டா அம்மாவின் முகத்தை மறைத்த கண்ணாடி ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். லியோன் வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் 'கஸ்பாருக்கு' போட்டான்.

வயலின் எழுந்தது. ஆளில்லாப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து சலேத்தம்மாள் எடுத்த முதல் அடி, ஊரின் தலைக்கு மேலே, கடலுக்குக் கேட்கிற மாதிரி எழுந்து, நடுங்கி, இறங்கி, நின்றது. நின்றதும் பெட்டியைச் சுற்றி இருந்த பெண்கள் எல்லாருடைய தலையும் ஒன்றாகத் திரும்பி மெற்றில்டாவைப் பார்த்தது. யாரும் யோசித்துத் திரும்பவில்லை. தாய் நிறுத்தினால் மகளைப் பார்ப்பது அந்தக் கழுத்துகளுக்குப் பழக்கம்.

மெற்றில்டாவுக்கு அப்போதுதான் புரிந்தது. கடலின் மௌனமாம், மண்ணாங்கட்டி. அது அம்மா. அம்மா ஓரடியைச் சுமந்து வந்து, இந்தா பிடித்துக்கொள் என்று நிற்கிறாள். மகள் கை நீட்டவில்லை. பார்க்கிறாள், இன்னும் கொஞ்சம் பார்க்கிறாள். எத்தனை ஊர்களில், எத்தனை மேடைகளில், வில்லைத் தூக்கிப் பிடித்தபடி நான்கு நான்கு பேராக அம்மா நின்றிருக்கிறாள், மகள் முதல் வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறாள்.

இரண்டாவது அடி எழுந்து நின்றது. அவள் வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. மூன்றாவது அடி எழுந்து நின்றது. பவுலி மாமி கம்பைக் கீழே போட்டுவிட்டு, அன்றைக்குப் போலவே அவள் விலாவில் இடித்தாள்.

"ஏந்துளா. அம்ம நிக்கால்லா."

"கதவு தொறந்திருக்கு யப்பாவே" என்றாள் மெற்றில்டா. முதல் இரண்டு வார்த்தை வெறும் பேச்சாகத்தான் விழுந்தது, மூன்றாவது வார்த்தையில் எங்கோ அடியிலிருந்து அந்த மெட்டு வந்து சேர்ந்துகொண்டது, "காலு நனஞ்சாலும் வாருமே" என்று அது ஏறியபோது அவள் முகம் நனைந்திருந்தது. அப்பாவுக்கு அவள் சொல்லாமல் விட்ட அடி, அம்மாவின் பெட்டிக்கு முன்னால் வந்தது. கூட்டத்தின் விளிம்பில் ஒரு கைக்குழந்தை, கையிலிருந்த சலங்கையை மறந்து, வீறிட்டு அழுதது. அதன் தாய் பயந்துபோய் அதைப் பார்த்தாள், பார்த்தபடியே தானும் அழுதாள். பவுலி மாமி, இரவல் அழுகையோடு தான் அனுப்பி வைத்த புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். இத்தனை காலமும் அழப்படாமல் கிடந்த சாவுகள் எல்லாவற்றுக்குமாக ஊர் அழுதது, டீ குடித்துக்கொண்டிருந்த தேரிக்காட்டுப் பெண்கள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். அன்றிலிருந்து அந்த உருப்படியை எங்கே வாசித்தாலும் வில் போய்வருகிறது, தந்தி அசைகிறது, சத்தம் மட்டும் வருவதில்லை என்று சொல்கிறார்கள். மெற்றில்டாவின் பெயரும் அப்படியே மெல்ல அடங்கிப்போனது, அவள் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

ஆனால் அது பிற்பாடு. அன்றைக்கு, அந்தப் பெட்டிக்கு முன்னால், தன் அடியைச் சொல்லி முடித்த மெற்றில்டா முறைப்படி நிறுத்தினாள். அடுத்த அடியை அம்மா எடுக்க வேண்டும். ஸ்பீக்கரிலிருந்து ஒன்றும் வரவில்லை. லியோன் ஒயரைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, "கரண்டு இருக்கே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மெற்றில்டா கண்ணாடிக்குள் இருந்த முகத்தைப் பார்த்தாள், இன்னும் கொஞ்சம் பார்த்தாள். அம்மா எடுப்பாள் என்று அவள் நிறுத்தியபடியே இருந்தாள்.